பழைய ப்ரீஆம்ப்பில் இடது சேனல் விட்டு விட்டு வருகிறதே?

கேள்வி: 1970களின் டிரான்சிஸ்டர் ஸ்டீரியோ ப்ரீஆம்ப் (பவர் ஆம்ப்புக்கு முன்னால் வைக்கும் பெட்டி) ஒன்று வைத்திருக்கிறேன். இடது சேனல் விட்டு விட்டு வருகிறது. வால்யூமைத் திருப்பினால் கரகரப்பு. இரண்டு ஸ்பீக்கரிலும் மெல்லிய உறுமல். ஈயம் வைக்கத் தெரியும், மல்டிமீட்டர் இருக்கிறது. எல்லா கெபாசிட்டரையும் மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு ஒன்றையும் மாற்ற வேண்டாம். ஒரே மூச்சில் நாற்பது கெபாசிட்டரை மாற்றினால், பழைய கோளாறோடு புதிதாக நேர்ந்த பிழையும் சேர்ந்துகொள்ளும். இரண்டையும் பிரித்துக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஸ்டீரியோவில் ஒரு பெரிய வசதி உண்டு. பவர் சப்ளை தவிர, சிக்னல் போகும் வழியில் எல்லாப் பாகமும் இரண்டிரண்டு. சர்க்யூட் படம் இல்லாவிட்டாலும், நன்றாக வேலை செய்யும் வலது சேனலே இடது சேனலுக்கு அளவுகோல்.

முதலில் பாதுகாப்பு. பிளக்கைப் பிடுங்கி, பெரிய ஃபில்டர் கெபாசிட்டரின் இரு முனைகளுக்கும் நடுவே 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சில விநாடிகள் வைத்து, 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை மீட்டரில் பாருங்கள். கரண்ட் கொடுக்கும்போது 40 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். சுவிட்ச், ஃப்யூஸ், டிரான்ஸ்ஃபார்மர் முனைகளில் மெயின்ஸ் கரண்ட் ஓடும். அவற்றை மூடிவிட்டே மற்ற இடங்களில் அளவெடுங்கள். வால்வு செட்டாக இருந்தால் உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பழகாதவர் தொட வேண்டாம்.

விட்டு விட்டு வரும் சேனலுக்கு முதல் சந்தேகம் டேப் மானிட்டர் சுவிட்ச்தான் (டேப் ரெக்கார்டரின் ஒலியைக் கேட்க வைத்த சுவிட்ச்). சிக்னல் முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது, அதையோ யாரும் வருடக்கணக்கில் தொடுவதில்லை. உள்ளே வெள்ளிப் பூச்சு கறுத்துவிடும். பாட்டு ஓடும்போது அதை மெல்ல அழுத்தி அசையுங்கள். இடது சேனல் சட்டென்று திரும்பினால் குற்றவாளி பிடிபட்டது. கரண்டை நிறுத்திவிட்டு, எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரை ஒரே ஒரு பீய்ச்சு விட்டு, முப்பது முறை தட்டுங்கள். வால்யூம், பாஸ், ட்ரெபிள், பேலன்ஸ் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே கூடவே கூடாது. அது தூசியை இழுத்து ஒட்டவைக்கும்.

துடைத்த பிறகும் வால்யூம் கரகரத்தால், அதன் இன்புட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே டிசி பாருங்கள். சில மில்லிவோல்ட்டைத் தாண்டினால், அதற்கு முந்தைய கப்ளிங் கெபாசிட்டர் (டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடுவது) கசிகிறது.

சுவிட்சில் குறை இல்லையென்றால், 400 ஹெர்ட்ஸ் டோனை ஃபோனிலிருந்து ஆக்ஸ் இன்புட்டின் இரு சேனலுக்கும் கொடுங்கள். மீட்டரை ஏசியில் வைத்து, சிவப்பு முனையோடு 0.1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டரைச் சேர்த்து, வலதில் ஒரு புள்ளி, இடதில் அதே புள்ளி என்று இன்புட்டிலிருந்து நகருங்கள். எங்கே இடது அளவு விழுகிறதோ, அதற்குச் சற்று முன்புதான் கோளாறு. அங்கே லென்ஸ் வைத்துப் பாருங்கள்: பாகத்தின் காலைச் சுற்றி மயிரிழை வளையமாக ஈயத்தில் விரிசல் விட்டிருக்கலாம். புது ஈயம் சேர்த்து உருக்கினாலே போதும். 340 டிகிரி, மூன்று விநாடி. அதற்கு மேல் போனால் பழைய போர்டில் செம்புத் தடம் பெயர்ந்துவிடும்.

உறுமல் இரண்டு பக்கமும் வருவதால் காரணம் பொதுவான இடத்தில், பெரும்பாலும் பவர் சப்ளையில்தான் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 100 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தால் ஃபில்டர் கெபாசிட்டர் வற்றிவிட்டது. 50 என்றால் கேபிளையோ கிரவுண்டையோ பாருங்கள். ஃபில்டர் கெபாசிட்டரை மாற்றுவதானால் அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கொஞ்சம் கூடுதல், 105 டிகிரி ரகம் போடுங்கள். மாற்றும் முன் ஃபோட்டோ எடுங்கள். சில போர்டுகளில் இரு சேனலும் கண்ணாடிப் பிம்பம்போல் எதிரெதிராக இருக்கும். வலதைப் பார்த்து இடதில் பிளஸ்-மைனஸ் வைத்தால் கெபாசிட்டர் வெடிக்கலாம். ஃபிலிம் கெபாசிட்டர்களைத் தொடாதீர்கள், அவை அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை.

ஒரு சேனலில் மட்டும் சோளம் பொரிவதுபோல் சத்தம் இருந்தால் டிரான்சிஸ்டர். 2எஸ்சி458 போன்ற டிரான்சிஸ்டர் மாடல்களில் கால்கள் கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். அதற்குப் பதிலாக கேஎஸ்சி1845 பல இடங்களில் பொருந்தும், கால் வரிசையும் அதே எமிட்டர், கலெக்டர், பேஸ். பிசி550-இல் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று மாறி வரும். நேராகச் செருகினால் வேலை செய்யாது. இரு சேனலிலும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

ஒவ்வொரு பாகம் மாற்றியதும் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். முடிவில் அரை மணி நேரம் ஓடவிட்டு, அவுட்புட்டில் டிசி 10 மில்லிவோல்ட்டுக்குள் நின்ற பிறகுதான் பவர் ஆம்ப்பில் இணையுங்கள்.