குரூப்பில் சாதி சொல்லித் திட்டிவிட்டு அழித்துவிட்டார்: புகார் நிற்குமா?

தாம்பரம் வாசகர் ஒருவரின் கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் பார்க்கிங் தகராறு. ஒருவர் என் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டிவிட்டு, சற்று நேரத்தில் அழித்துவிட்டார். நான் பட்டியல் சாதி, அவர் இல்லை. "ஏதோ கோபத்தில் வந்த வார்த்தை, இதில் சாதியை இழுக்காதீர்கள்" என்று எல்லோரும் எனக்கே புத்தி சொல்கிறார்கள். புகார் கொடுக்கலாமா? அட்மினையும் சேர்க்க வேண்டுமா?

தாராளமாகக் கொடுக்கலாம். சாதியை இழுத்தவர் அவர், நீங்கள் அல்ல. தன் சாதிப் பெயரை வசவாகக் கேட்டே பழகாதவர்களுக்கு அது வெறும் வார்த்தையாகத்தான் தெரியும். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989, பிரிவு 3(1)(எஸ்)-இன்படி, பொதுப்பார்வையில் சாதிப் பெயரால் திட்டினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

இந்தப் 'பொதுப்பார்வை'யில்தான் வழக்குகள் சறுக்குகின்றன. அதே வார்த்தையை உங்களுக்கு மட்டும் தனியாக அனுப்பியிருந்தால் இந்தப் பிரிவு நிற்காது. மூன்றாம் மனிதர் யாராவது பார்த்திருக்க வேண்டும். அந்த மூன்றாம் மனிதர் உங்கள் சொந்தக்காரரோ நண்பரோ மட்டும் என்றால் போதாது என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் குரூப்பில் பல குடும்பங்கள் இருக்கின்றன. அதனால் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. இணையத்தில் திட்டினாலும் பொதுப்பார்வைதான் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொன்னது. அதனால் புகாரில் யார் யார் பார்த்தார்கள் என்று பெயரோடு எழுதுங்கள்.

அழித்துவிட்டாரே என்று பதற வேண்டாம். அந்தச் செய்தியைச் சுட்டி யாராவது பதில் போட்டிருந்தால், பதிலின் மேலே பழைய வாசகம் அப்படியே நிற்கும். பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவரிடம் அதை வெட்டாமல் கேட்டு வாங்குங்கள், அவர் போனையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அழித்ததை மீட்டுத் தருகிறேன், கோர்ட் சான்றிதழும் சேர்த்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் 'சைபர் நிபுணர்'களிடம் மட்டும் போனைக் கொடுத்துவிடாதீர்கள். போன் கைமாறினால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். அதேபோல, இந்தச் சட்டப்படி பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்கும் நிவாரணத் தொகையை வாங்கித் தர கமிஷன் கேட்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அது அரசு தரும் பணம், இடையில் ஆளே தேவையில்லை.

ஸ்டேஷனில் 'விசாரித்துச் சொல்கிறோம்' என்று புகார் வந்ததைக் குறிக்கும் ஒரு சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் திணிப்பார்கள். அப்புறம் சமரசம் பேசக் கூப்பிடுவார்கள். எஃப்ஐஆருக்கு முன் ஆரம்பகட்ட விசாரணை தேவையில்லை என்று 2018-இல் இந்தச் சட்டத்தில் 18ஏ பிரிவையே சேர்த்தாகிவிட்டது. இன்னும் ஒவ்வொருவரும் ஸ்டேஷன் படியேறி அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு. பதிய மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் கமிஷனர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வன்கொடுமைப் புகார்களுக்கான 14566 உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள்.

அட்மினை விட்டுவிடுங்கள். உறுப்பினர் எழுதியதற்கு, வெறும் அட்மினாக இருப்பவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-இல் சொல்லிவிட்டது. அவரைச் சாட்சியாகக் கேளுங்கள். அன்று குரூப்பில் யார் யார் இருந்தார்கள் என்பதை அவரால் சொல்ல முடியும்.