அந்தக் கைதட்டல் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் பதினான்கு பேர். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், வாரக் கடைசிகளில் கூடி நாடகம் போடுகிறோம். இந்த முறை எங்களில் ஒருவரே எழுதிய இருண்ட நகைச்சுவை. ஒரு வீட்டில் அப்பா இறந்து கிடக்கிறார். செய்தித்தாளுக்கு இரங்கல் அறிவிப்பு கொடுக்க வேண்டும். மகனாக வீட்டைவிட்டுப் போன மூத்த பிள்ளை, பன்னிரண்டு வருடம் கழித்து மகளாகத் திரும்பி வந்து நிற்கிறாள். அறிவிப்பில் ‘ஒரு மகன், ஒரு மகள்’ என்று போடுவதா, ‘இரண்டு மகள்கள்’ என்று போடுவதா? நாடகம் முழுக்க இந்தச் சண்டைதான். அப்பா மேடை நடுவில் படுத்தே இருக்கிறார். கடைசியில் அம்மா தன் பெயர் உட்பட எல்லார் பெயரையும் அடித்துவிட்டு, இறந்தவர் பெயரை மட்டும் அச்சுக்கு அனுப்புகிறாள்.

இந்த முடிவு கொடூரமாக இருக்கிறது, அம்மா மகளைக் கட்டிக்கொள்வதாக முடிக்கலாம் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மாற்றலாமா? விளம்பரத்தில் ‘வயது வந்தோருக்கு’ என்று போட வேண்டுமா? ‘இருண்ட நகைச்சுவை’ என்பது சரியா, ‘கருப்பு நகைச்சுவை’ என்பது சரியா? மற்றபடி ஒத்திகை நன்றாகப் போகிறது. மூத்த மகளாக எங்கள் குழுவின் சிறந்த நகைச்சுவை நடிகர் நடிக்கிறார். பெண் உடையில் அவர் வாசலில் வந்து நின்றதும் எங்களுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த இடத்தில் கைதட்டல் உறுதி.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

இருண்டதோ கருப்போ, எதை வேண்டுமானாலும் போடுங்கள். வயதுக் குறிப்பும் ஒரு வரி போட்டுவிடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் ‘மற்றபடி’ என்று தொடங்குகிற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த நான்கு வரிகளில்தான் உங்கள் நாடகம் உயிரோடு இருக்கப்போகிறதா இல்லையா என்பது இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஒருத்தி பன்னிரண்டு வருடம் கழித்து அப்பாவின் முகத்தைப் பார்க்க வந்து வாசலில் நிற்கிறாள். உள்ளே விடுவார்களா என்று அவளுக்குத் தெரியாது. அரங்கம் விழுந்து விழுந்து சிரிக்கிறது, கைதட்டுகிறது. அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் ‘இவளை மகள் என்று எழுதலாமா கூடாதா’ என்று மேடையில் சண்டை போட்டு என்ன பயன்? அரங்கத்தில் இருப்பவர்கள் அந்த முதல் நிமிடத்திலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். ‘இது ஆண்தான், வேஷம் போட்டிருக்கிறது’ என்பதுதான் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். அதே தீர்ப்பை மேடையில் சொல்கிற தங்கை, சித்தப்பா, அம்மா எல்லாரும் இனி சரியானவர்கள் ஆகிவிடுவார்கள். நீங்கள் எழுதிய நாடகத்துக்கு எதிராக நீங்களே சாட்சி சொன்ன மாதிரி. ஒத்திகையில் நீங்களும் சிரித்தீர்கள் என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை.

கொஞ்ச நாளாகவே எனக்கு இதே யோசனை. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியலைத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். மெய்ப்பாடு என்றால் உள்ளத்து உணர்வு உடம்பில் தெரிவது. எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவது நகை. அடுத்தது அழுகை, அதற்கும் அடுத்தது இளிவரல், அதாவது இழிவு. இந்த மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை மாணவனாகப் படித்தபோது நான் கவனித்ததே இல்லை. நகை எதனால் வருகிறது என்பதற்கு நான்கு காரணம் சொல்கிறது: ‘எள்ளல் இளமை பேதைமை மடனென்று உள்ளப்பட்ட நகைநான் கென்ப.’ எள்ளல் என்றால் இகழ்ச்சி. இளமை, குழந்தைத்தனம். பேதைமை, அறியாமை. நாலாவதான மடன்தான் எனக்குப் பிடித்தது. சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது என்று அதற்கு உரை சொல்கிறார்கள்.

உங்கள் நாடகத்தை இதில் வைத்துப் பாருங்கள். அப்பா சடலமாகக் கிடக்கிறார், அவரைக் குனிந்துகூடப் பார்க்காமல் ஒரு சொல்லுக்காக ஒரு குடும்பமே மல்லுக்கட்டுகிறது. யாரோ என்றைக்கோ சொல்லிக் கொடுத்ததை விடமாட்டேன் என்கிறது. முழுக்க முழுக்க மடன். எழுதியவர் தெரிந்தோ தெரியாமலோ அருமையான இடத்தில் கை வைத்திருக்கிறார், அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆனால் வாசலில் வருகிற சிரிப்பு எள்ளல். எள்ளலில் தொடங்கிய அரங்கத்தை மடனுக்குத் திருப்பிக் கொண்டுவருவது லேசில் நடக்காது. சுலபமான சிரிப்பை ஒரு தடவை ருசி பார்த்தவர்கள் அடுத்ததும் அதையேதான் கேட்பார்கள். நடிகரும் மனுஷன்தானே, கொடுத்துவிடுவார்.

‘ஆண் பெண் உடையில் வந்தால் சிரிப்பு வரத்தானே செய்யும்’ என்று பதில் எழுதுவீர்கள். வராது. ஸ்த்ரீபார்ட், அதாவது ஆண் பெண் வேடம் போடுவது, நாடகத்தைப் போலவே பழையது. பழைய கிரேக்க மேடையில் எல்லாப் பெண் வேடமும் ஆண்கள் போட்டதுதான். பெற்ற பிள்ளைகளைக் கொல்கிற தாயின் வேடம் உட்பட. இங்கிலாந்தில் 1660 வரைக்கும் தொழில்முறை மேடையில் நாயகிகள் எல்லாரும் பையன்கள். ஜப்பானில் 1629-இல் பெண்களைக் கபுகி என்ற அவர்கள் நாடக மேடையிலிருந்து விலக்கிய பிறகு ஆண்களே அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கினார்கள். பெண்களை விலக்கியது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பார்வையாளர்கள் உடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, அழுதார்கள். 1979-இல் காரில் சர்ச்சில் எழுதிய ‘கிளவுட் நைன்’ நாடகத்தின் முதல் பாதியில் மனைவி வேடத்தை ஓர் ஆண்தான் போட வேண்டும். ஆண்கள் விரும்புகிற மாதிரி தன்னைச் செய்துகொண்டவள் அவள், அதனால் அப்படி. இரண்டாம் பாதியில் அவள் தானாக மாறத் தொடங்கும்போது பெண்ணே நடிக்கிறார். அந்த நடிகர் இடுப்பை ஆட்டிக்காட்டினால் நாடகத்தின் கருத்து முழுவதும் போயிற்று. சிரிப்பு துணியில் இல்லை, க. போட்டிருப்பவர் ‘பார், நான் வேஷம் போட்டிருக்கிறேன்’ என்று கண்ணாலே சொல்கிறாரே, அதில் இருக்கிறது.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் பெரிய நடிகர் ஒன்றும் இல்லை. இருபத்து மூன்று வயதில் நான் ஓர் அமெச்சூர் குழுவில் பிராம்ப்டராக இருந்தேன். சைடு விங்கில் கையில் பிரதியோடு நின்று, மறந்துபோன வசனத்தை எடுத்துக் கொடுக்கிற வேலை. அன்றைக்குக் காலையில் கணவனை இழந்த ஒரு வயதான பெண், பக்கத்து அறையில் சொத்துக்குச் சண்டை போடும் பிள்ளைகள், இதுதான் நாடகம். குழுவில் நடிக்கப் பெண்கள் யாரும் இல்லை. நாற்பது தாண்டிய ஒருவர், பகலில் கணக்கெழுதுகிறவர், மீசையை எடுத்துவிட்டு அந்த வேடம் போட்டார்.

முதல் நாள் அவர் உள்ளே நுழைந்ததும் யாரோ விசிலடித்தார்கள். அரங்கம் சிரித்தது. அவரும் விடவில்லை, கொஞ்சம் நெளிந்தார், தலையைச் சரிசெய்துகொண்டார். இன்னும் பெரிய சிரிப்பு. விங்கில் நின்று நானும்தான் சிரித்தேன். மூன்றாம் காட்சியில் அந்த அம்மாள் கணவனின் காலி நாற்காலியோடு தனியாகப் பேச வேண்டும். அங்கேயும் சிரித்தார்கள். ஒரு வார்த்தை விடாமல் வசனத்தை முடித்துவிட்டு உள்ளே வந்து, மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். யாரிடமும் பேசவில்லை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் என்னிடம் மட்டும் சொன்னார்: “நான் திரும்பற வரைக்கும் வசனம் எடுத்துக் கொடுக்காதே.”

திரை விலகும்போதே அவர் மேடையில் இருந்தார். அரங்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, இறந்தவரின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். நேற்று விசிலடித்த மாதிரியே இன்றைக்கும் ஒருவர் விசிலடித்தார். அவர் திரும்பவில்லை. ஒரு சட்டை. காலரை நீவி, கைகளை உள்ளே மடக்கி, ஓரத்தில் வைத்தார். இன்னொரு சட்டை. அதில் ஒரு பொத்தான் இல்லை. இல்லாத இடத்தை விரலால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அப்புறம் மடித்தார். மூன்றாவது சட்டைக்கு அரங்கத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. ஐந்தாவது சட்டையை மடித்து வைத்துவிட்டுத் திரும்பினபோது, அங்கே ஆண் யாரும் இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். சின்ன மகன் உள்ளே வந்து, அடுக்கிவைத்த சட்டைகளைப் பார்த்து, “இது எனக்கு அளவா இருக்குமா?” என்று கேட்கிற ஒரு வரி இருந்தது. முதல் நாள் அது யார் காதிலும் விழவில்லை. இரண்டாம் நாள் அரங்கமே வெடித்துச் சிரித்தது. சிரித்த வேகத்திலேயே பாதியில் நின்றது, அந்த அம்மாளின் கை இன்னும் சட்டைமேல் இருந்ததால். இருண்ட நகைச்சுவை என்று நீங்கள் பெயர் தேடிக்கொண்டிருக்கிறீர்களே, அதை நான் காதால் கேட்டது அன்றைக்குத்தான். எப்படி இது தோன்றியது என்று அப்புறம் அவரிடம் கேட்டேன். “அப்பா போன அன்னிக்கு அம்மா மடிச்சாங்க” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சடலத்தை மேடையில் வைத்துக்கொண்டு சிரிக்கவைப்பது புதிதல்ல. ஜோ ஆர்ட்டனின் ‘லூட்’ நாடகத்தில் தாயின் உடலைச் சவப்பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, பெட்டியில் கொள்ளைப் பணத்தை வைப்பான் மகன். 1965-இல் முதலில் மேடையேறி ஊர் ஊராகப் போய்த் தோற்றது. 1966-இல் வேறு தயாரிப்பாக வந்து லண்டனில் வென்றது. தன் நாடகத்தை நிஜம் மாதிரியே நடிக்க வேண்டும், நெளிவு சுளிவு கூடாது என்பதில் ஆர்ட்டன் பிடிவாதமாக இருந்தார். எவ்வளவு அபத்தமான வரியோ அவ்வளவு நேராகச் சொல்ல வேண்டும்.

சரி, இனி என்ன செய்யலாம்? முதலில், அந்த வேடத்துக்கு ஒரு திருநங்கையைத் தேடினீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தேடியிருந்தால் எழுதியிருப்பீர்கள். இப்போதாவது தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால், ஒருவரையாவது அழைத்துப் பிரதியைப் படிக்கச் சொல்லி, ஒத்திகையில் உட்காரவையுங்கள். அவருடைய நேரத்துக்குப் பணம் கொடுத்து, அவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் முகத்துக்கு எதிரே நீங்கள் அந்த வாசல் காட்சியைப் பார்த்துச் சிரிப்பீர்களா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் நடிகரே நடிப்பதானால், நாளைய ஒத்திகையிலிருந்தே அந்த உடையைப் போடட்டும். கடைசி நாள் உடை ஒத்திகை வரைக்கும் வைத்திருக்காதீர்கள். நாலு நாளில் உங்களுக்குப் பழகிவிடும். அவருக்கும் பழகும், அதுதான் வேண்டும். வாசலில் வந்து நிற்கும்போது அவர் கையில் ஏதாவது கொடுங்கள். கனமான ஒரு பை, கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. ஒருவரும் ‘உள்ளே வா’ என்று சொல்லாததால் வைக்க முடியாத பை. அவர் நல்ல நகைச்சுவை நடிகர் என்றீர்கள். நல்லது. அழுகை நடிகரைவிட இந்த வேடத்தை அவரால் நன்றாகச் செய்ய முடியும், எந்த நொடியில் நிற்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவரைத் திட்டிவிடாதீர்கள். திட்டு உங்களுக்குத்தான்.

இன்னொன்று, அப்பாவாகப் படுத்திருப்பவர். ஒன்றரை மணி நேரம் மூச்சு விடுவது தெரியக்கூடாது. தலையை மேடையின் பின்பக்கம் சாய்த்து, வயிற்றுக்கு மேல் தடித்த போர்வையை மடிப்பு மடிப்பாகப் போடுங்கள்.

முடிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகம் 1879-இல் வந்தது. நாயகி நோரா கணவனையும் பிள்ளைகளையும் விட்டு வெளியேறுவதோடு முடிகிறது. மறு வருடம் ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த நடிகை, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற மாதிரி நடிக்க மாட்டேன் என்றார். வேறு யாரோ கைவைப்பதற்கு முன் இப்சனே நோரா வீட்டில் தங்கிவிடுகிற ஒரு முடிவை எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அது காட்டுமிராண்டித்தனம் என்று அவரே சொன்னார். அந்த முடிவை இன்றைக்கு யார் போடுகிறார்கள்? உங்கள் குழுவிலேயே எழுதியவர் இருக்கிறார். அவர் மாற்ற விரும்பினால் மாற்றட்டும், பாதிப் பேரின் ஓட்டுக்காக வேண்டாம். வாசல் காட்சியைச் சரிசெய்த பிறகு கடைசிக் காட்சியை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அம்மா பெயர்களை ஒவ்வொன்றாக அடிக்கும்போது, மூத்தவள் பெயருக்கு வந்ததும் அவள் பேனா கொஞ்சம் நிற்கட்டும். எந்தப் பெயரை அடிக்கிறாள், பழையதையா புதியதையா என்று அரங்கத்துக்குத் தெரிய வேண்டாம். உங்கள் பாதிப் பேர் அதற்கப்புறமும் கட்டிப்பிடிக்கிற காட்சி கேட்டால் எனக்கு எழுதுங்கள்.

நாடகத் தேதியைச் சொல்லுங்கள், வருகிறேன். கடைசி வரிசையில் ஓர் இடம் வைத்தால் போதும். வாசல் காட்சி வரும்போது மேடையைப் பார்க்க மாட்டேன், முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் தோள்களைத்தான் பார்ப்பேன்.

அன்புடன்.