பிளக் மரை போய்விட்டால் ஹெட்டை மாற்றத்தான் வேண்டுமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பச்சைத் தேயிலை ஏற்றும் பெட்ரோல் மினி லாரி வைத்திருக்கிறார். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது வண்டி இழுக்கவில்லை, பாதி வழியில் நிறுத்தி மூன்றாவது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்து மாட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அந்தப் பிளக் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, 'புஸ் புஸ்' என்று சத்தமும் வருகிறது. ஒரு மெக்கானிக் டெஃப்லான் டேப் சுற்றி மாட்டலாம் என்கிறாராம், இன்னொருவர் சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும், பிளக் மாட்டுகிற ஹெட்டையே மாற்றச் சொல்கிறாராம். எது சரி?

இரண்டும் வேண்டாம்.

தவறு எங்கே நடந்தது என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இரண்டாவது கியரில் மலை ஏறி வந்த இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும். ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. அந்தச் சூட்டில் அலுமினியத்தின் பலம் குறைந்திருக்கும். ஸ்பேனரைத் திருப்பினால் மரையும் சேர்ந்து உரிந்து வரும். கை வைத்துப் பார்க்கிற அளவுக்கு ஹெட் ஆறிய பிறகுதான் பிளக்கைத் தொட வேண்டும். ஒரு டீ குடிக்கிற நேரம் போதாது, ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

டெஃப்லான் டேப் ஏன் கூடாது? பிளக்கின் சூடு மரை வழியாகவும் வாஷர் உட்காரும் இடம் வழியாகவும்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. நடுவில் டேப் இருந்தால் அந்த வழி அடைபடும், டேப்பும் கருகிப்போகும். லூசாக நிற்கும் பிளக்குக்கும் இதே கதிதான். முனை பழுக்கும், ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோல் எரியத் தொடங்கும், பிஸ்டனுக்கே ஆபத்து. லோடோடு ஏறும்போது பிளக் மேலே இருக்கும் இக்னிஷன் காயிலையும் தூக்கிக்கொண்டு பிய்த்துக்கொண்டு வந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

செய்ய வேண்டியது, ஓட்டையைப் பெரிதாக்கி உள்ளே புது மரை வைப்பது. இதில் இரண்டு வகை. ஹெலிகாயில் என்பது ஸ்டீல் கம்பிச் சுருள். விலை குறைவு, ஆனால் அடுத்த முறை பிளக்கைக் கழற்றும்போது சில சமயம் சுருளும் கூடவே வந்துவிடும். இன்னொன்று உள்ளும் வெளியும் மரை போட்ட கெட்டியான ஸ்டீல் புஷ். மலையில் லோடு அடிக்கிற வண்டிக்கு நான் புஷ்தான் சொல்வேன். வாங்கும் முன் பழைய பிளக்கைக் கையோடு எடுத்துப் போங்கள். பழைய இன்ஜின்களில் பெரும்பாலும் 14 மி.மீ., பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.25 மி.மீ., புதியவற்றில் 12, 10 மி.மீ. கூட உண்டு. மரையின் நீளமும் ஒத்துவர வேண்டும். வாஷர் இல்லாமல் கூம்பாக உட்காரும் பிளக் என்றால் அதற்கான புஷ் வேறு.

ஹெட்டைக் கழற்றாமல் செய்யலாமா? பிளக் குழிக்குள் டார்ச் அடித்தால் மரை நன்றாகத் தெரிகிறது, மரை வெட்டும் கருவியான டேப் (டெஃப்லான் டேப் அல்ல) நேராக இறங்குகிறது என்றால் செய்யலாம். விரிசல் தெரிந்தாலோ, ஏற்கெனவே யாராவது கோணலாக டேப் போட்டிருந்தாலோ ஹெட்டைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு, நல்ல லேத் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.

வண்டியிலேயே செய்வதென்றால் பயப்பட வேண்டியது மரை வெட்டும்போது விழும் உலோகப் பிசிறுக்குத்தான். முதலில் குழியில் இருக்கும் மண்ணையும் தேயிலைத் தூளையும் காற்றடித்து வெளியேற்றுங்கள். டேப் முனை இடிக்காதபடி பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். டேப்பின் பள்ளம் நிறைய கிரீஸ் அப்பி, கால் சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே என்று போக வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை டேப்பை வெளியே எடுத்தால் கிரீஸில் வெள்ளிப் பொடி ஒட்டியிருக்கும். துடைத்துவிட்டுப் புது கிரீஸ் தடவி மறுபடி இறக்குங்கள். ஒருமுறை அவசரத்தில் இதை விட்டேன். ஒரு பிசிறு வால்வ் சீட்டில் மாட்டி, அதற்காகவே ஹெட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. வேலை முடிந்ததும் வேக்கும் கிளீனரில் மெல்லிய டியூப் செருகி சிலிண்டரை உறிஞ்சி எடுங்கள். புஷ் மேலே துருத்தக் கூடாது, கீழே எரியும் அறைக்குள்ளும் நீட்டக் கூடாது. ஹெலிகாயில் என்றால் அடியில் இருக்கும் வாலை மூக்குக் குறடால் பிடித்து உடைத்து வெளியே எடுக்க வேண்டும். உள்ளே தட்டிவிட்டால் சிலிண்டருக்குள் போய்விடும்.

அப்புறம் புதுப் பிளக். அதன் தலையில் ஒரு சாண் பெட்ரோல் ஹோஸைச் செருகி, ஹோஸைத் திருப்பியே மரையில் ஏற்றுங்கள். கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், மரை தப்பிக்கும். கையால் இறுகிய பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்: அலுமினிய ஹெட்டில் வாஷர் வைத்த 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20. ரெஞ்ச் இல்லையென்றால் புது 14 மி.மீ. பிளக்கைக் கையிறுக்கத்துக்கு மேல் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைய. மரையில் எண்ணெய், கிரீஸ் தடவாதீர்கள். அதே இழுப்புக்கு இறுக்கம் கூடிப்போகும்.

ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடாகும் முன் பிளக் அடியில் சோப்பு நீர் இரண்டு சொட்டு விடுங்கள். குமிழி வந்தால் வண்டியை அணைத்து, ஆறவிட்டு, வாஷர் உட்காரும் இடத்தில் பிசிறோ கிரீஸோ இருக்கிறதா என்று பாருங்கள்.