விலக்கு எப்படி விதியை நிரூபிக்கும்?

அன்புள்ள ஐயா,

ஓர் ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ‘எக்செப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல்’ என்று வருகிறது. ‘விதிவிலக்கு விதியை நிரூபிக்கிறது’ என்று எழுதிப் பார்த்தேன், பொருளே வரவில்லை. விதிக்கு அடங்காத ஒன்று விதியை உடைக்கத்தானே செய்யும்? ‘ப்ரூவ்’ என்றால் முன்பு ‘சோதித்தல்’ என்றும் பொருள் உண்டு, அப்படியே போட்டுவிடு என்கிறார் நண்பர். சரியா?

சி.

அன்புள்ள சி.,

நண்பர் சொல்வது அந்தச் சொல்லுக்குப் பொருந்தும், இந்தத் தொடருக்குப் பொருந்தாது. இதன் மூலம் லத்தீன் சட்ட வாசகம்: ‘எக்செப்தியோ ப்ரோபாத் ரெகுலம் இன் காசிபுஸ் நோன் எக்செப்திஸ்’. விலக்கப்படாதவற்றுக்கு விதி உண்டு என்பதை விலக்கே உறுதி செய்கிறது என்று பொருள். ஆங்கில வழக்கில் ‘விலக்கப்படாதவற்றுக்கு’ என்ற பகுதி உதிர்ந்துபோயிற்று. குழப்பமெல்லாம் அதனால் வந்ததுதான்.

இந்த வாதத்தின் வேர் ரோமில், கி.மு. 56இல் வழக்கறிஞர் சிசரோ பால்பஸ் என்பவருக்காக வாதாடிய ஒரு வழக்கில் இருக்கிறது. இன்றைய ஸ்பெயினின் காதிஸ் நகரத்தவரான பால்பஸுக்கு ரோமத் தளபதி பாம்ப்பே கொடுத்த ரோமக் குடியுரிமை செல்லாது என்பது வழக்கு. சில இனத்தாரோடு ரோம் செய்த உடன்படிக்கைகளில் ‘இவர்களில் யாரையும் குடிமகனாக ஏற்கக்கூடாது’ என்று தனியே எழுதியிருந்தது. அங்கே விலக்கியதால் கூடாது என்றால், விலக்காத இடத்தில் கூடும் என்றுதானே ஆகிறது என்றார் சிசரோ. பால்பஸ் வென்றார். கி.மு. 40இல் ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சலாகவும் ஆனார்.

நூலக வாசலில் ‘வெள்ளிக்கிழமை விடுமுறை’ என்று ஒரு பலகை. மற்ற ஆறு நாளும் திறந்திருக்கும் என்று அதில் எழுதவில்லை. ஆனாலும் வியாழக்கிழமை போய்க் கதவு பூட்டியிருந்தால் அந்தப் பலகையைக் காட்டித்தான் கேட்போம். விலக்கு விதியை நிரூபிப்பது இப்படித்தான். மழைநீர் புகுந்து ஒரு வியாழன் மூடிக்கிடந்தால் அது எதையும் நிரூபிக்காது. ‘இந்தத் தெருக் கடைகள் எல்லாமே கலப்படம், அந்த ஒரு கடை மட்டும் நல்ல கடை, எக்செப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல்’ என்று பேசுவதும் இதே தவறு. நல்ல கடை ஒன்று இருப்பது ‘எல்லாமே’ என்பதைப் பொய்யாக்குகிறதே தவிர மெய்யாக்கவில்லை.

இந்தத் தருக்கம் நமக்குப் புதிதல்ல. ‘எடுத்த மொழி இனம் செப்பலும் உரித்தே’ என்கிறது தொல்காப்பியம். ஒன்றைச் சொன்னால் அது தன் இனமான சொல்லாத மற்றதையும் சொல்லிவிடும். ஒரு சேரிக் கோழி அலைத்தது, அதாவது தாக்கியது, என்றாலே மற்றச் சேரிக் கோழி அலைப்புண்டது தெரியும். அருத்தாபத்தி என்று இதற்குப் பெயர். ‘செப்பலும்’ என்பதில் உள்ள உம்மையைக் கவனியுங்கள், செப்பாமலும் போகலாம் என்று அது எச்சரிக்கிறது. ‘இந்தச் சுவரில் சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதியிருந்தால் அடுத்த சுவரில் கழிக்கலாம் என்று ஆகுமா? பொதுவாக அனுமதி இருந்து, அதிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்தால் மட்டுமே அது விலக்கு.

எனவே உங்கள் கட்டுரையில் முன்பின் வரிகளைப் பாருங்கள். சட்டம், அறிவிப்பு, ஒப்பந்தம் பற்றிய இடம் என்றால் ‘விலக்கைச் சொன்னதிலேயே விதி இருப்பது தெரிகிறது’ என்று எழுதலாம். கட்டுரையாளர் அந்தக் கலப்படக் கடைப் பேச்சுப்போலப் பொதுவாக வீசியிருந்தால் ‘நிரூபிக்கிறது’ வேண்டவே வேண்டாம். ‘அவர் ஒருவர் விதிவிலக்கு’ என்பதே போதும்.