பேச வராத பிள்ளை மறுத்தால் செல்லுமா?

கேள்வி: வலிப்பு நோய்க்குப் பிறகு என் 9 வயது மகனுக்குப் பேச்சு அநேகமாகப் போய்விட்டது. பேச்சுப் பயிற்சி தரும் இடத்தில் ஆங்கிலப் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். பயிற்சிக்குத்தான் என்று நினைத்தேன், ஆராய்ச்சிக்காம். தலையில் வயர் தொப்பி மாட்டி வீடியோ எடுக்கிறார்கள். அவன் பிடுங்கி எறிந்தால் ‘அடம்’ என்கிறார்கள். விலகினால் பயிற்சி நின்றுவிடுமோ? – ஒரு தாய், மதுரை

பதில்: தாராளமாக விலகலாம். காரணம் சொல்லவே வேண்டாம். அதற்காகப் பயிற்சியை நிறுத்தவும் முடியாது; நிறுத்தினால் அதுவே தனிப் புகார். ஆனால் சிகிச்சைக்கென்று மருத்துவர் எழுதிக்கொடுத்த ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைகளைப் பதியும் பரிசோதனை) வேறு, இது வேறு. எது எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்தத் தொப்பி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. 7 முதல் 12 வயதுப் பிள்ளையிடம், பெற்றோர் முன்னிலையில், அதற்குப் புரிகிற விதத்தில் சொல்லி வாய்மொழி இசைவு வாங்க வேண்டும். பிள்ளை சும்மா இருந்தாலே அதை இசைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது அந்த நெறிமுறை. உங்கள் மகன் சும்மா இருக்கவில்லையே, பிடுங்கி எறிகிறான்! வாய் திறந்து மறுக்க முடியாத பிள்ளைக்கு வேறு எப்படி மறுக்கத் தெரியும்? உயிர்காக்கும் சிகிச்சை அந்த ஆய்வில் மட்டுமே கிடைக்கும் என்றால்தான் பிள்ளையின் மறுப்பை மீறலாம். அதற்கும் பெற்றோர் சம்மதமும், ஆராய்ச்சி முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் முன்அனுமதியும் வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இன்னும் கறார். நரம்புக் கோளாறால் வரும் நிரந்தரப் பேச்சு, மொழிக் குறைபாடு அதன் அட்டவணையில் இருக்கிறது. பிரிவு 6-இன்படி, அணுகத்தக்க முறையில் பெற்ற சம்மதமும், அரசு அமைக்கும் ஆராய்ச்சிக் குழுவின் முன்அனுமதியும் தேவை. அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களின் பதிவுபெற்ற அமைப்பினராகவோ இருக்க வேண்டும். இந்த அனுமதியின் நகலைக் கேளுங்கள். பல இடங்களில் இந்தக் கேள்விக்கே முழிப்பார்கள். மகனுக்கு யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருந்தால், நீங்கள் எழுதும் கடிதத்தோடு அதன் நகலையும் இணையுங்கள். சட்டத்தை மீறினால் முதல் முறை அபராதம் 10,000 ரூபாய் வரைதான். அதனால் போலீசுக்கு ஓடுவதைவிட நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் போடுவதே பலிக்கும்.

ஏற்கெனவே மகனின் பெயரை நீக்கி ஆய்வுக் கணக்கில் சேர்த்த அளவீட்டு எண்களைத் திரும்பப் பெறுவது கடினம். முகம் தெரியும் வீடியோ அப்படியல்ல. அதை அழிக்கவும், எங்கும் திரையிடாமல் இருக்கவும் எழுத்தில் கேளுங்கள்.

கடிதம் தமிழிலேயே இருக்கட்டும். நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலருக்கு ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். அவர்களின் தொடர்பு விவரம் உங்களுக்குத் தந்த படிவ நகலில் இருக்க வேண்டும். நகலே தரவில்லை என்றால், கடிதத்தின் முதல் வரி அதுதான்.