தியெபோலோவின் பழுப்பு மைச் சித்திரங்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வெனிஸ் ஓவியர் ஜாம்பத்திஸ்தா தியெபோலோவின் சித்திரங்களில் இறக்கை முளைத்த கிழவரும் ஆடையற்ற பெண்ணும் சேர்ந்து வருகிறார்களே, யார் அவர்கள்?

பதில்: கிழவர் காலத்தின் உருவகமான குரோனோஸ். அரிவாளோ மணற்கடிகாரமோ அருகில் இருந்தால் ஐயமே வேண்டாம். பெண்ணைப் பற்றி முடிவு செய்யத்தான் நிதானம் தேவை. அவள் கையில் சூரியன் இருந்தால் அவள் உண்மை. சேசரே ரீப்பா 1593இல் ரோமில் வெளியிட்ட 'இகோனோலோஜியா' என்ற உருவக அகராதி உண்மையை அப்படித்தான் வர்ணிக்கிறது, பிற்கால ஓவியர்களும் அதைக் கைநூலாகவே கொண்டார்கள். சூரியன் இல்லாமல் புறாக்கள் தென்பட்டால் அவள் காதல் தெய்வமான வீனஸ். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள தியெபோலோவின் கூரை ஓவியத்தில், காலம் தன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வீனஸிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொள்கிறது. ஆகவே முகத்தைப் பார்த்துப் பெயர் சூட்டாதீர்கள். கையையும் காலடியையும் பாருங்கள்.

கேள்வி: இவை கணவாய் மீனின் மையில், அதாவது செப்பியாவில், வரையப்பட்டவையா?

பதில்: பழுப்பாக இருப்பதையெல்லாம் செப்பியா என்று சொல்லிவிடுவது விற்பனைப் பட்டியல்களின் பழைய வழக்கம். செப்பியா பரவலாகப் புழங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான். தியெபோலோ 1770இலேயே மாட்ரிட்டில் காலமாகிவிட்டார். அக்கால ஓவியர்கள் எடுத்தாண்டவை பெரும்பாலும் இரண்டு: மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய மை, பீச் (beech) மரத்தை எரித்த புகைக்கரியிலிருந்து எடுத்த பிஸ்தர் என்ற பழுப்பு மை. முன்னது எழுதியபோது கருமையாக இருந்து, காலப்போக்கில் பழுப்பாகிவிடுவது.

கேள்வி: மேகங்களின் வெண்மைக்கு எந்த வண்ணம் பூசினார்?

பதில்: பெரும்பாலான தாள்களில் எதையும் பூசவில்லை, அது வெறும் தாள்தான். முதலில் கருஞ்சுண்ணத்தில் மெலிதாக வரைந்து, இறகுப் பேனாவால் நடுங்குவதுபோன்ற கோடுகளை இழுத்து, பிறகு நீர் கலந்த மையைத் தூரிகையால் நிழல் விழும் இடத்தில் மட்டும் தோய்த்துவிடுவார். ஒரு தொடையின் கீழ்ப்புறத்தில் ஒரே ஒரு அடர்ந்த பூச்சு விழுந்ததும், மேற்புறத் தாள் வெயில் பட்ட தோலாக மாறிவிடுகிறது. பூச்சு காய்ந்தபின் திருத்த வழியில்லை என்பதால், எங்கே தொடக்கூடாது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அவருடைய திறமையில் பாதி அந்தத் தொடாத இடங்களில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: உருவங்கள் ஏன் பாதத்திலிருந்து மேல்நோக்கிப் பார்த்ததுபோல் குறுகித் தெரிகின்றன?

பதில்: அவை கூரையை நினைத்து வரையப்பட்டவை. ஜெர்மனியில் உள்ள வூர்ஸ்புர்க் அரண்மனையின் படிக்கட்டு மண்டபத்தில் 1752, 1753ஆம் ஆண்டுகளில் அவர் தீட்டிய கூரையில், நடுவே சூரியக் கடவுள் அப்பல்லோ எழ, விளிம்புகளில் நான்கு கண்டங்கள் அமர்ந்திருக்கின்றன. அமெரிக்கா முதலைமேல், ஆசியா யானைமேல். படியேறி வருபவரின் கண்ணுக்கு உள்ளங்காலும் முழங்காலும்தானே முதலில் படும்? எனினும் எல்லாச் சித்திரங்களும் கூரைக்கான ஒத்திகை அல்ல. எந்தக் கூரையோடும் பொருந்தாத தாள்களும் நிறைய உண்டு. அத்தகையவற்றில் உருவகம் தளர்ந்து, அடையாளப் பொருள்கள்கூட இல்லாமல், மேகத்தில் சாய்ந்த இரண்டு உடல்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. அவற்றுக்கு வலிந்து பொருள் கூறாமல் விடுவதே முறை.