ஓய்வுபெற்ற பிறகு சொகுசுக் கப்பலில் போவது வயதானவர்களுக்கு ஒத்துவருமா?

கேட்டவர் வவுனியாவில் இருக்கும் தன் தாய் தகப்பனைச் சிங்கப்பூரில் இருந்து வெளிக்கிடும் கப்பல் ஒன்றில் அனுப்ப நினைக்கிறார். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 64. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், கடல் என்றால் பயமும் கூட. கட்டின காசு வீணாகிவிடுமோ என்று யோசிக்கிறார்.

நானும் மனைவியும் ஏறக்குறைய அந்த வயதில்தான் அப்படி ஒரு கப்பலில் போய்வந்தோம். கிளிநொச்சிக்காரன் நான். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் 33 வருடம் வேலை பார்த்து இளைப்பாறினவன். பென்சன் காசில் போகிற பயணம் இல்லை இது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள்தான் பிடிவாதம் பிடித்துக் கூட்டிப் போனாள். சிங்கப்பூர், மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட், திரும்பச் சிங்கப்பூர் என்று நாலு இரவு.

ஒத்துவரும் என்பதுதான் என் பதில். ஆனால் முதலில் அம்மாவின் பயத்தைப் பற்றிக் கதைப்போம்.

வன்னியில் இருக்கும் எங்களுக்குக் கப்பல் என்றால் உல்லாசம் ஞாபகத்துக்கு வராது. எனக்குத் தெரிந்தவை மூன்று கப்பல்கள். முதலாவது, தலைமன்னாரில் இருந்து இராமேஸ்வரத்துக்கு ஓடிய இராமானுஜம். 1978இல் சிதம்பரம் போகவென்று அதில் ஏறினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்ததைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை. இரண்டாவது, 2006 டிசம்பரில் இயந்திரம் பழுதாகி முல்லைத்தீவுப் பக்கம் கரை தட்டின ஜோர்தான் கப்பல், ஃபரா 3. அரிசி ஏற்றி வந்தது. அது கரையில் துருப்பிடித்து நின்ற நிற்பு முள்ளிவாய்க்காலுக்குள் இருந்தவர்களுக்கு மறக்காது. மூன்றாவது கிரீன் ஓஷன். கடைசிப் போரின்போது, 2009 பெப்ரவரியில் இருந்து காயக்காரரைத் திருகோணமலைக்கு ஏற்றிப் போன செஞ்சிலுவைக் கப்பல். புதுமாத்தளன் கரைக்கு அது வராது, தள்ளி ஆழத்தில் நிற்கும். மீன்பிடி வள்ளங்களில்தான் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்றினார்கள். என் மாமியும் அப்படித்தான் போனார். தப்பிவிட்டார். பிறகு ஏழு வருடம் எங்களோடு இருந்துதான் கண்ணை மூடினார்.

ஆகவே மகள் போனில் கப்பல் கதை எடுத்தபோது மனைவி சொன்னது: "எனக்கு ஒரு கப்பலும் வேண்டாம் பிள்ளை. ஏதும் கோயில் குளம் இருந்தால் கூட்டிக்கொண்டு போ." மகள் விடவில்லை. பினாங்கில் 1833இல் கட்டின மாரியம்மன் கோயில் இருக்கிறது, கப்பல் அந்தத் துறைமுகத்துக்குத்தான் போகிறது என்றாள். அந்த ஒரு வசனத்தில் காரியம் முடிந்தது. உங்கள் அம்மாவுக்கும் இது வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

இனி, வயதானவர்களுக்கு இது ஏன் நல்லது என்று சொல்கிறேன். மற்ற எந்தச் சுற்றுலாவிலும் நாளுக்கு நாள் பெட்டி கட்ட வேண்டும். ஒரு ஹோட்டல், பஸ், இன்னொரு ஹோட்டல். கப்பலில் பையை ஒருமுறை திறந்து உடுப்பை அலுமாரியில் தொங்கவிட்டால் சரி, ஊர்தான் மாறும். இரவு படுக்கிறீர்கள், விடிய யன்னலைத் திறந்தால் வேறு நாடு. பொதுவாக எல்லாரும் சொல்கிற சௌகரியம்தான் இது. ஆனால் 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டுத் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம் என்று எத்தனை தரம் மூட்டை கட்டினோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். மனைவி முதல் நாள் பையைத் திறக்கவே இல்லை. வேண்டியதை மட்டும் உருவி எடுத்துவிட்டுத் திரும்ப சிப்பை இழுத்துப் பூட்டினார். இரண்டாம் நாள் பின்னேரம் நான் மேலே நடந்துவிட்டு வந்து பார்க்கிறேன், சேலை நாலும் தொங்குகின்றன, பை கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

கடல் பயத்துக்கு வருவோம். பெரிய கப்பல் இராமானுஜம் மாதிரி ஆடாது. பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க நீருக்குக் கீழே செட்டை மாதிரி இரண்டு பக்கமும் வைத்திருக்கிறார்கள். மலாக்கா நீரிணை இரண்டு பக்கமும் நிலம் சூழ்ந்த கடல், அங்கே பெரிய அலை குறைவு. முதல் தரம் போகிறவர்களுக்கு அந்தப் பாதை நல்லது. அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தட்டுகளில் கேளுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் உச்சியிலும்தான் ஆட்டம் தெரியும். யன்னல் இல்லாத உள் அறைதான் மலிவு, ஆனால் லைற்றை நிற்பாட்டினால் கும்மிருட்டு. இரவில் இரண்டு மூன்று தரம் எழும்புகிற வயதில் அது சரிவராது. கொஞ்சம் கூடக் கட்டிப் பல்கனி அறை எடுத்துக் கொடுங்கள். எங்களுக்கு அந்தப் பல்கனியில்தான் பாதி நேரம் போனது. இரவில் தூரத்தே வரிசையாகக் கப்பல் விளக்குகள். "இதென்ன கடலோ, ஏ9 றோட்டோ?" என்று மனைவி கேட்டார். பொய்யில்லை, உலகத்திலேயே நெரிசலான கடல் பாதைகளில் அது ஒன்று.

ஏறின உடனே ஒரு ஒத்திகை வைப்பார்கள். ஆபத்து என்றால் எங்கே கூட வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படிப் போட வேண்டும் என்று. ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும்தான் சைகை. சத்தம் போட்டு ஊதுவார்கள் என்று அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நாங்கள் சொல்லாமல் விட்டோம்.

சாப்பாடு டிக்கெட்டுக்குள் அடக்கம். எந்த நேரமும் ஏதாவது கிடைக்கும். இந்தியச் சாப்பாட்டுக்கென்று ஒரு பக்கம் இருந்தது, சோறும் பருப்பும் கிடைத்தன, உறைப்புத்தான் இல்லை. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும். வீட்டில் சமைத்ததை உள்ளே விடமாட்டார்கள். பக்கற் பிரிக்காத பருத்தித்துறை வடைக்கு எங்களை ஒருவரும் தடுக்கவில்லை. மனைவி கொண்டுபோன சின்னக் கேத்தலை எடுத்து வைத்துக்கொண்டு துண்டு எழுதித் தந்தார்கள், இறங்கும்போது திருப்பித் தந்தார்கள். சூடாகும் சாமான் எதையும் அறைக்குள் விடமாட்டார்களாம், தீப் பயம். நியாயம்தான். ஆனால் விடிய நாலரைக்கு பிளேன்டீ குடிக்கிற ஆளுக்கு அது பெரிய தண்டனை. மேலே பத்துத் தட்டு ஏறிப்போய்க் குடித்தார்.

என் தொழில் புத்தியில் ஒரு விசயம். மூவாயிரம் பேருக்கு மேல் குளிக்கிறார்கள், நீச்சல் தடாகம் வேறு, தண்ணி எங்கால் என்று நான் ஒரு மாலுமிப் பெடியனைப் பிடித்துக் கேட்டேன். பெரும்பாலும் கடல்தண்ணிதானாம். காய்ச்சி வடித்தும், மெல்லிய சவ்வு வழியே அழுத்தித் தள்ளியும் உப்பைப் பிரித்து எடுக்கிறார்கள். எங்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கொடுப்பதா இல்லையா என்று எத்தனை வருடம் கூட்டம் போட்டுக் கத்தினோம்! கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்டி 2024இல் திறந்தார்கள். அதே சங்கதி ஒரு கப்பலின் வயிற்றுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நாலு நாளில் எனக்குப் பிடித்த கதை அதுதான். கசினோ, ஆட்டம் பாட்டம் பற்றியெல்லாம் அந்தப் பக்கம் போனவர்கள் எழுதட்டும்.

காசு விசயத்தில் கவனம் தேவை. விளம்பரத்தில் போடுகிற விலை ஒரு அறையில் இரண்டு பேர் தங்கும்போது ஆளுக்கு வருவது. தனியே போகிறவரிடம் ஏறக்குறைய இரண்டு பேரின் காசையும் வாங்கிவிடுவார்கள். அதற்கு மேல், பணியாளருக்கான சேவைப் பணம் என்று பல கம்பனிகள் ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 அமெரிக்க டொலர் வரை எடுக்கின்றன. இரண்டு பேருக்கு நாலு இரவு என்றால் 130 முதல் 160 டொலர் வரை அதுவே போய்விடும். இணையம், குடிவகை, சோடா, கரையில் சுற்றிக் காட்டுகிற பஸ் எல்லாம் வேறு கணக்கு. உள்ளே காசு புழங்காது, அறைத் திறப்பு அட்டையை நீட்டினால் சரி, பில் கடைசி நாள் வரும். படம் பிடிக்கிறவர்கள் மூலைக்கு மூலை நிற்பார்கள். சிரித்துவிட்டுப் போகலாம், வாங்கினால்தான் காசு.

மருந்துக்கு வாறேன். பிரஷர், சீனிக் குளிசைகளைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். பெரிய பையை ஏறுமுன் வாங்கிவிடுவார்கள், அறைக்கு வந்துசேரப் பின்னேரம் ஆகலாம். கப்பலில் டொக்டர் இருக்கிறார், ஆனால் கட்டணத்தைக் கேட்டால் வருத்தம் கூடும். மருத்துவச் செலவும், அவசரத்துக்குக் கரைக்குக் கொண்டுபோகிற செலவும் சேர்ந்த பயணக் காப்புறுதி இல்லாமல் அனுப்பவே வேண்டாம். வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும், பரவாயில்லை. கை கழுவுவதில் அசட்டை வேண்டாம், வயிற்றோட்டம் கப்பலில் கெதியில் பரவும்.

விசாவை எங்கள் கடவுச்சீட்டுக்கு ஒவ்வொரு துறைமுகமாகப் பார்க்க வேண்டும். இறங்காமல் கப்பலிலேயே இருந்தாலும் விசா இல்லையென்று ஏற்றாமல் விடலாம், காசும் திரும்பாது. கட்டுநாயக்காவுக்குப் போகவே எங்களுக்கு ஒரு இரவு வான் ஓட்டம், பிறகு நாலு மணித்தியாலம் பிளேன். ஆகவே கப்பல் வெளிக்கிடுகிற நாளுக்கு முதல் நாளே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கப்பல் ஒருவருக்காகவும் காத்து நிற்காது. சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையான ஜூனையும் வருடக் கடைசியையும் தவிர்த்தால் சின்னப் பிள்ளைகளின் சத்தமும் குறைவு, விலையும் குறைவு.

பினாங்கில் கப்பல் ஜோர்ஜ் டவுனில் நகரத்தோடு ஒட்டியே கட்டும். இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா. மாரியம்மனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு ஒரு கடையில் வடையும் தேத்தண்ணியும். கடைக்கார ஐயா எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு "யாழ்ப்பாணமா?" என்றார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் ரயில்வேக்கும் கிளறிக்கல் வேலைக்கும் கப்பல் ஏறிப் போன நாடல்லவா அது. கிளிநொச்சி என்றேன், அவருக்குப் பிடிபடவில்லை. வன்னி என்றதும் தலையாட்டினார். வடைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

புக்கெட்டில் கதை வேறு. கப்பல் கடலில் நிற்கும், சின்னப் படகில் கரைக்குப் போக வேண்டும். முழங்கால் வருத்தக்காரர் அந்த இடத்தைத்தான் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். அலை இருந்தால் சக்கர நாற்காலியை ஏற்றமாட்டார்கள். ஆழத்தில் நிற்கும் கப்பல், பக்கத்தில் ஆடுகிற சின்னப் படகு. மனைவி இதில் கால் வைக்கமாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் மாலுமியின் கையைப் பிடித்து டக்கென்று இறங்கி இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் தாங்கி இறக்கினது என்னைத்தான்.

சிங்கப்பூர் தூரம் என்றால் சென்னையில் இருந்து ஏற வழி இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். 2023 ஜூனில் எம்பிரஸ் என்ற கப்பல் அங்கிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்து போனது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் ஓடுகிறதை இதோடு குழப்ப வேண்டாம், அது ஆள் ஏற்றி இறக்குகிற படகுச் சேவை.

கடைசியாக ஒன்று. இறங்குவதற்கு முதல் இரவு, பெரிய பையில் பட்டி கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். இரவோடு இரவாக எடுத்துப்போய், காலையில் கரையில் தருவார்கள். எல்லாரும் வைத்தார்கள். நான் எங்கள் பையை வாசலுக்கு இழுத்தேன். மனைவி கைபிடியை விடவில்லை. "இஞ்சாருங்கோ, பையை விட்டிட்டு நான் படுக்கமாட்டன்." மகள் எவ்வளவோ விளங்கப்படுத்திப் பார்த்தாள். பிறகு அவளே கீழே போய் விசாரித்துவிட்டு வந்தாள். தங்கள் பையைத் தாங்களே தூக்கிக்கொண்டு இறங்க விரும்புகிறவர்களுக்குத் தனி வரிசை இருக்கிறதாம், அவர்களைத்தான் முதலில் இறக்குவார்களாம். பை கட்டிலடிக்குப் போனது. விடிய ஏழு மணிக்கு, இழுபட்ட சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தப் பையோடு மனைவி முன்னுக்கு, மகள் நடுவில், நான் கேத்தலோடு பின்னுக்கு.